அன்செல்மோ தன் மகளுக்குப் போட்ட மனு

நான்கு மாதத்தில் தவறிப்போனது. அன்செல்மோ தாபியோஸ் தன் வாழ்க்கையில் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அந்த நான்கு மாதத்தில் வந்துதான் நிற்பார்.

ஹொனலூலுவில் இருந்த அக்கா கொன்சொலா, தம்பி குடும்பத்தை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள 1978-இல் மனுப் போட்டாள். உடன்பிறந்தவர்களுக்கான வரிசை இருப்பதிலேயே நீளமானது. அன்செல்மோ அப்போது பிலிப்பைன்ஸில், தன் ஊரான விந்தாரில் பாசன வாய்க்காலின் மதகைத் திறந்து மூடும் வேலையில் இருந்தார். கைக்குழந்தையாக ஒரு மகள். அதற்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள், மூத்தவன் டென்னிஸ். மதகின் மரப்பலகைகள் போய் இரும்புக் கதவு வந்தது. இருபது வருடம் கழித்து, 1998 நவம்பரில், மணிலாவின் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தபோது மகள் மரிலூவுக்கு இருபத்தொரு வயது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இருபத்தொன்று முடிந்த பிள்ளை தகப்பனோடு சேர்த்தி இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஐந்து பாஸ்போர்ட்டில் நான்கை எடுத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தள்ளினாள்.

ஊர் திரும்பப் பன்னிரண்டு மணி நேரப் பேருந்து. அன்செல்மோ தானும் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தே மரிலூ அதைக் கண்டுபிடித்தாள். நில அளவைப் பொறியியல் படித்துவிட்டு உரிமத் தேர்வுக்குக் காத்திருந்தவள். எதையும் அளந்து பேசுவாள்.

“டென்னிசுக்குப் பத்தொன்பது ஆகுதுப்பா. நீங்க யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா அவனும் தாண்டிருவான். கெளம்புங்க.”

“நீ?”

“நான் எங்க ஓடிறப்போறேன். போனதும் எனக்கு ஒரு மனுப் போடுங்க.”

போட்டார். கிரீன் கார்டு கைக்கு வந்து, வேலை கிடைத்து, சம்பளச் சீட்டுகள் சேர்ந்ததும் போட்டார். மனு பதிவான தேதி 1999 ஜூன் 14. அந்தத் தேதிதான் வரிசையில் மரிலூவின் இடம். அன்செல்மோவுக்குத் தன் பிறந்தநாள்கூடச் சில சமயம் மறக்கும். அது மறக்காது.

வேலை, வைக்கீக்கி ஓட்டல்களுக்குத் துவைத்துத் தரும் பெரிய சலவைக்கூடத்தில். ஈரப் படுக்கை விரிப்பை இருவர் இரண்டு முனையில் பிடித்துச் இஸ்திரி போடும் சூடான உருளைகளுக்குள் ஊட்ட வேண்டும். மறுபக்கம் இருவர் வாங்கி மடிப்பார்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு விரிப்பு. அன்செல்மோவோடு மறுமுனையைப் பிடித்தவள் புரித்தா என்கிற விதவை. அவளும் விந்தார் இருக்கிற இலோக்கோஸ் பக்கத்துக்காரி. அவளுடைய மகன் வரிசையில் இருந்தான். மடிக்கிறவர்களில் ஒருத்தியின் இரண்டு மகள்கள் வரிசையில் இருந்தார்கள். அவர்கள் குடியிருந்த வைப்பாஹுவில் வரிசையில் ஆள் இல்லாத வீடு கிடையாது.

மாதாமாதம் அரசாங்கம் ஒரு பட்டியல் வெளியிடும். இன்ன தேதிக்கு முன் மனுப் போட்டவர்களை இப்போது அழைக்கிறோம் என்று அதில் இருக்கும். சேவல் சண்டை முடிவைப் பேசுவதுபோல அந்தத் தேதியைச் சலவைக்கூடத்தில் பேசுவார்கள். ஒரு மாதம் ஆறு வாரம் நகரும். அடுத்த இரண்டு மாதம் அசையாது. சில சமயம் பின்னால் போகும். அப்படிப் போன அன்றைக்கு எப்படியும் ஒரு விரிப்பு கிழியும்.

மரிலூவின் வரிசைக்கு இரண்டு விதிகள். ஒன்று, அவள் கல்யாணம் ஆகாதவளாக இருக்க வேண்டும். கிரீன் கார்டுக்காரர் தன் கல்யாணமான பிள்ளைக்கு மனுப் போட முடியாது. நடுவில் கல்யாணம் செய்துகொண்டால் அந்த நிமிடமே மனு செத்துவிடும்.

இரண்டாவதை வைப்பாஹுவுக்கு வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். தகப்பன் குடியுரிமை எடுத்துக்கொண்டால் பிள்ளை வேறு வரிசைக்கு மாறும். மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது வேகமான வரிசை. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அதில் கூட்டம் அதிகமாகிவிட்டதால் அதுதான் மெதுவான வரிசை. ஆகவே அங்கே பத்து வருடம், பதினைந்து வருடம் ஆனவர்கள்கூடக் குடியுரிமை எடுக்காமல் இருந்தார்கள். பிள்ளை வரட்டும், அப்புறம் சத்தியம் பண்ணிக்கொள்ளலாம் என்பார்கள். அன்செல்மோவின் மனைவி பெலிசா இதில் உறுதியாக இருந்தாள். குடியுரிமை விண்ணப்பத் தாளை யாரோ வீட்டில் விட்டுவிட்டுப் போனபோது அதை விரித்து மேலே வைத்து மீன் செதில் எடுத்தாள்.

2001-இல் கொன்ராடோ வீட்டார் முதல் தடவை பெண் கேட்டார்கள். கொன்ராடோ மின்சாரக் கூட்டுறவில் கம்பம் ஏறுகிற வேலை. மரிலூவை ஒரு வாய்க்கால் அளவையில் பார்த்தவன். பெற்றவர்கள் ஊரில் இல்லாததால் தொலைபேசியில் கேட்டார்கள். பேப்பர் வரட்டும் என்றார் அன்செல்மோ. மரிலூவும் சரி என்றாள், கொன்ராடோவும் சரி என்றான். எல்லாரும் அப்போது ஐந்தாறு வருடம் என்று நினைத்திருந்தார்கள்.

எட்டு வருடம் ஆனது. 2009 ஏப்ரலில் அன்செல்மோவும் பெலிசாவும் முதல் தடவையாக ஊருக்கு வந்தார்கள். வரிசை அப்போதும் 1998-ஐத் தாண்டவில்லை. ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம் என்று அன்செல்மோ கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

வீட்டில் அவர் முதலில் கவனித்தது குளிர்பதனப் பெட்டி. 1998-இல் அவர் விட்டுப்போனது. கதவு சாத்தினால் நிற்காது என்று சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டியிருந்தது. புதுசு வாங்கக் கூடாதா என்று கேட்டார்.

“போறப்ப யாருக்குக் குடுக்கறது?” என்றாள் மரிலூ.

அப்படியே ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. கூரையில் ஒழுகும் இடத்தில் தகரத்தைச் செருகி வைத்திருந்தாள், மாற்றவில்லை. மாகாணப் பொறியியல் அலுவலகத்தில் நிரந்தரப் பணி இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் வேண்டாம் என்றிருக்கிறாள். ஒப்பந்தத்திலேயே இருந்தாள். நாய் செத்த பிறகு இன்னொன்று வளர்க்கவில்லை. கொன்ராடோ ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். மூவரோடும் சாப்பிட்டான். தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தான். மூன்று மணிக்கு “வரேன் மாமா” என்று சொல்லிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எட்டு வருடமாக ஞாயிறுதோறும் இதுதான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஊர் வாய்க்கு இடம் கொடுக்காத பிள்ளைகள் என்று பாராட்டாகச் சொன்னார்கள். அன்செல்மோ தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கொன்ராடோ வீட்டார் முறைப்படி பெண் கேட்டு வந்தார்கள். அரிசிப் பலகாரம், கரும்புச் சாராயம், எட்டு ஆட்கள். கொன்ராடோவின் தகப்பனார் இசித்ரோவை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார்கள். எழுபத்தொன்பது வயது, சிறுநீரகம் போய்விட்டது, வாரம் இரண்டு நாள் பக்கத்து நகரமான லாவோவாகில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இலோக்கோஸில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்கு நிலம் கொடுப்பார்கள். எந்த நிலம் என்பதை மாப்பிள்ளையின் தகப்பன் தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் போய்விட்டால் அண்ணன் தம்பிகள் சொல்வதுதான்.

இசித்ரோ சுற்றி வளைக்கவில்லை.

“போன தடவ கேட்டோம், பேப்பர் வரட்டும்னீங்க. சரின்னோம். எனக்கு இனிமே பேப்பருக்குக் காத்திருக்க ஒடம்பு இல்ல தம்பி. நெலத்தச் சொல்லிட்டுப் போயிடணும்.”

அன்செல்மோவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு வழி சொன்னார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். மலையில் ஒரு சிறிய கோவில், தெரிந்த பாதிரியார், தாலுகாவுக்கு அனுப்பாத பதிவு. விசா வாங்கும்போது ஆகவில்லை என்று எழுதிவிட்டால் போயிற்று. அப்படிப் போன மூன்று பேரின் பெயரைச் சொன்னார். மூன்று பேரும் கலிபோர்னியாவில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பெண் கேட்கும்போது பெண் பேசுவது வழக்கம் இல்லை. மரிலூ சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

“கல்யாணம் ஆகிட்டு ஆகலன்னு எழுதி நான் கையெழுத்துப் போடமாட்டேன் பெரியப்பா. எல்லைக்கல்ல தள்ளி நட்டுட்டு முத்திர போடற மாதிரி அது. மனு சாகணும்னா சாகட்டும். நான் கல்யாணம் பண்ணிக்கறேன்.”

பெலிசா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். எட்டு பேரும் அன்செல்மோவைப் பார்த்தார்கள்.

அவருக்கு மூன்றாவது விதி ஒன்று தெரியும். மாதம் ஒருமுறை வைப்பாஹு தேவாலயக் கூடத்தில் இலவசமாக உட்காரும் வக்கீல் புரித்தாவுக்குச் சொல்ல, அவள் உருளைக்கு அந்தப் பக்கமிருந்து கத்திச் சொன்னது. பிள்ளையின் கல்யாண நாளன்று தகப்பன் ஏற்கெனவே குடிமகனாக இருந்தால் மனு சாகாது. கல்யாணமான பிள்ளைகளுக்கான வரிசைக்கு மாறும். வரிசையில் தேதி அதே 1999 ஜூன் 14. ஆனால் அந்த வரிசை அப்போது 1991-இல் நின்றது.

“தவக்காலம் வரைக்கும் டைம் குடுங்க” என்றார். “பிப்ரவரி. அதுக்கு முன்னாடி வச்சுக்கலாம்.”

“அதுக்குள்ள நான் செத்துட்டா?” என்றார் இசித்ரோ.

“சாகாதீங்க.”

சாராயம் ஊற்றினார்கள். அப்படித்தான் பேச்சு முடிந்தது.

பெலிசா விமானத்தில்தான் வாயைத் திறந்தாள். “இன்னும் ஒரு வருஷம். எண்ணி ஒரு வருஷம். தனியா வரட்டும் கிழவா. வந்துட்டுத் திரும்பப் போய்க் கட்டிக்கிட்டு அவன கூப்பிட்டுக்கட்டும்.”

“அது இன்னொரு அஞ்சு வருஷம்.”

“அஞ்சு வருஷம் எங்கிட்ட இருப்பா.”

“உங்கிட்ட இருப்பா. அவங்கிட்ட இருக்கமாட்டா.”

“நீ சத்தியம் பண்ணி அவ கல்யாணமும் பண்ணிட்டா எப்ப வருவா? சொல்லு.”

“எனக்கு எம்பது ஆகிரும்.”

“நீ எம்பது வரைக்கும் இருப்பியா? மனுப் போட்டவன் போனா மனுவும் போகும். தெரியுமில்ல?”

“தெரியும்.”

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். வீட்டில் சொல்ல வேண்டியதை டென்னிஸிடம் சொல்லுவாள். அப்பாவுக்குச் சோறு ஆறிப்போகிறது என்று சொல். அப்பாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல். அன்செல்மோ அடுத்த அறையில்தான் இருப்பார்.

விண்ணப்பம் ஜூனில் போனது. நூறு கேள்விகள் மனப்பாடம் செய்ய வேண்டும், பத்து கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும். அன்செல்மோ பள்ளியில் ஆங்கிலத்தில்தான் படித்தார், ஆனால் நாற்பது வருடம் மதகோடும் விரிப்போடும் போய்விட்டது. புரித்தா உருளைக்கு முன்னால் நின்று கேள்வி கேட்டாள். மேலவையில் எத்தனை பேர், நீதிபதிகள் எத்தனை பேர். தப்பாகச் சொன்னால் விரிப்பின் முனையை இழுத்துவிடுவாள். பெலிசாவை யாரும் கேள்வி கேட்கச் சொல்லவில்லை. டிசம்பரில் தேர்வு. கேட்ட முதல் ஆறும் சரி, அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஜனவரிக் கடைசியில் சத்தியப் பிரமாணத்துக்குத் தேதி வந்தது. பிப்ரவரி 12, வெள்ளி, காலை பத்து மணி. சாம்பல் புதன் 17. அதற்குப் பிறகு தவக்காலம், ஈஸ்டர் வரை கோவிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். இசித்ரோவுக்கு வாரம் இரண்டு நாள் என்பது மூன்று நாளாகியிருந்தது.

அன்செல்மோ அன்றைக்கே விந்தாருக்குப் போன் போட்டார். பன்னிரண்டாம் தேதி அவர் சத்தியம் பண்ணுவார், அதே பன்னிரண்டாம் தேதி அங்கே கல்யாணம். அவரால் வர முடியாது, அதனால் ஒரே நாளாக இருக்கட்டும் என்றார். மரிலூ அப்போது ஒரு கிராமத்தில் அளவையில் இருந்தாள், காற்று இரைச்சல். சரிப்பா என்றாள். பாதிரியார் வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஒத்துக்கொண்டார். ஊருக்குச் சொன்னார்கள். ஒரே நாள் என்பது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. பதினோரு வருடமாக ஞாயிறு பூசை முடிந்து போன் போடுகிறவர், அங்கே திங்களாகிவிட்டதா என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். அவருக்கே தோன்றவில்லை.

பத்தாம் தேதி புதன் மதியம், சாப்பாட்டு நேரம். புரித்தா மொச்சைக் கொட்டைக் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“நீ கையத் தூக்கறப்ப மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு ஒரு நாள் ஆயிருக்கும். மறுவீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருப்பா.”

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அன்செல்மோ கரண்டியைக் கீழே வைத்தார். விந்தாரில் வெள்ளி காலை ஒன்பது என்றால் ஹொனலூலுவில் வியாழன் பிற்பகல் மூன்று. சத்தியம் வெள்ளி காலை பத்து. பத்தொன்பது மணி நேரம். கல்யாணத்தின்போது அவர் குடிமகன் இல்லை. அந்தப் பத்தொன்பது மணி நேரத்தில் மனு போயிருக்கும்.

அவர் போன் போட்டபோது விந்தாரில் வியாழன் காலை எட்டு மணி. மரிலூ எடுத்தாள். பின்னால் சத்தமாக இருந்தது.

“பன்னி வெட்டியாச்சா?”

“ரெண்டு வெட்டியாச்சு. ஏம்பா?”

அவர் சொன்னார். நான் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்றாள் மரிலூ. அளக்கிறதுதான் எனக்கு வேலை என்றாள்.

“சனிக்கெழம காலையில வச்சுக்கோ. இங்க பத்துக்கு ஆரம்பிச்சா அங்க நாலு மணி. ஆறு மணிப் பூசையில தாராளமா ஆயிடும்.”

“ஜனங்க நாளைக்கு வராங்கப்பா. முந்நூறு பேரு.”

“சாப்பிடச் சொல்லு.”

அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை முந்நூறு பேர் வந்து சாப்பிட்டார்கள், ஆடினார்கள், கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. விந்தாரில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று நடந்ததில்லை. பந்தியில் கொன்ராடோவின் அலுவலகத்துக்காரர்கள் விடவில்லை. சாப்பாடு போட்டாச்சு, இனிமே பொண்ணு குடுக்கலன்னாலும் பரவால்ல, பன்னி நல்லா இருந்துச்சு என்றார்கள். இசித்ரோ நாற்காலியில் உட்கார்ந்தபடி எந்த நிலம் என்பதை அன்றே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மலையடி வாய்க்காலுக்கு மேற்கே, மூன்றில் ஒரு எக்டேர் நெல் வயல். மோதிரம் மாற்றாமல் நிலம் வாங்கிய ஒரே மருமகள் என்று யாரோ சொல்ல, கிழவரும் சிரித்தார்.

வெள்ளி காலை வைப்பாஹுவில், அன்செல்மோ எழுந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் இஸ்திரி போட்டுத் தொங்கியது. பதினோரு வருடம் இஸ்திரிக் கூடத்தில் வேலை செய்தவர், கழுத்துப் பட்டையில் மடிப்பு தப்பாக விழுந்திருப்பதைப் பார்த்தார். அப்படியே போட்டுக்கொண்டார். பெலிசாவும் உடுத்திக்கொண்டு காரில் பின்னால் ஏறினாள். டென்னிஸ் ஓட்டினான்.

பத்து மணி என்றார்கள். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒவ்வொருவரின் கிரீன் கார்டையும் வாங்கிப் பெயர் சரிபார்த்தார்கள். கைப்பேசிகளை அணைக்கச் சொன்னார்கள். பத்தரைக்கு வந்த நீதிபதி பேசினார். பதினொன்றே கால் ஆனது. இதற்கு முன் இருந்த நாட்டின் மேல் உள்ள பற்றை விட்டுவிடுகிறேன் என்ற வரி வந்தபோது அன்செல்மோ கையைத் தூக்கியபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சான்றிதழுக்கு அகர வரிசையில் கூப்பிட்டார்கள். தாபியோஸ் கடைசிப் பக்கம்.

விந்தாரில் சனி காலை ஆறு. கோவிலுக்குள் உறவினர்கள் மட்டும், நாற்பது பேர். பாதிரியாருக்கு ஏழு மணிக்கு இன்னொரு ஊரில் பூசை. மரிலூ வெள்ளை உடையில் கோவில் வாசலில் கைப்பேசியோடு நின்றாள். கொன்ராடோ உள்ளேயிருந்து வந்தான். பேப்பரில் எப்படியும் அங்கே பன்னிரண்டு, இங்கே பதிமூன்று என்றுதான் இருக்கும், யாரும் மணி பார்க்கப் போவதில்லை, ஆரம்பித்துவிடலாமே என்றான்.

“பேப்பர்ல சரியா இருக்கும். அப்பா சத்தியம் பண்ணாரான்னு எனக்குத் தெரியணும்” என்றாள். அவன் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ஆறு இருபதுக்குப் போன் வந்தது. அன்செல்மோ மண்டபத்துப் படியில் நின்றார்.

“ஆயிடுச்சு. போ.”

அவள் கைப்பேசியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சித்தி அணைக்காமல் பிடித்துக்கொண்டிருந்ததால் அன்செல்மோவுக்குக் கொஞ்சம் கேட்டது. பெரும்பாலும் சேவல் கூவுவதும் மோட்டார் சைக்கிள்களும்தான். பெலிசா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் கேக்கல, கிழவா” என்றாள். பத்து மாதத்துக்குப் பிறகு அவரிடம் நேராகச் சொன்னது அதுதான்.

இசித்ரோ மார்ச்சில் இறந்தார். மரிலூ மாகாண அலுவலகத்தின் நிரந்தரப் பணியை மூன்றாவது தடவை வந்தபோது வாங்கிக்கொண்டாள். புதுக் குளிர்பதனப் பெட்டி வந்தது, கூரை மாறியது. 2011-இல் ஒரு பெண், 2013-இல் ஒரு பையன். அன்செல்மோ எழுபது வயதுவரை விரிப்பு ஊட்டினார். ஒரு தடவை வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். மாதாமாதம் வரிசைத் தேதியைப் படித்து மகளிடம் சொல்வதை மட்டும் விடவில்லை. 1992 என்பார். 1993 என்பார். சரிப்பா என்பாள்.

2016 தொடக்கத்தில் அவருடைய நுரையீரல் கெட்டுவிட்டது. பிராணவாயுக் குழாயோடு இருந்தார். விமானம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மரிலூ பார்த்துவிட்டு வருவதற்காக மூன்று வாரச் சுற்றுலா விசாவுக்கு மணிலா போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞன் ஒரு கேள்விதான் கேட்டான். உங்கள் பெயரில் குடியேற மனு ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது என்றாள். அங்கேயே தங்க விரும்பி மனுப் போட்டவர் திரும்பி வருவார் என்று நாங்கள் எப்படி நம்புவது என்றான். வேலை, நிலம், இரண்டு குழந்தைகள், எல்லாக் காகிதமும் வைத்திருந்தாள். அவன் வாங்கிப் பார்க்கவில்லை. மூன்று நிமிடத்தில் முடிந்தது.

போனில் அவள் சொன்னதை அன்செல்மோ இரண்டு தடவை கேட்டார்.

“அந்த மனு இருக்கறதாலயா?”

“ஆமாப்பா.”

“எடுத்துட்டா விடுவானா?”

“விடுவான்னு சொல்ல முடியாது. எடுக்காதீங்க. பதினேழு வருஷம்பா.”

“வச்சுக்கிட்டு என்ன பண்ண? நான் இருக்கறப்ப வரலன்னா அப்புறம் அது எதுக்கு?”

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பேச்சை மாற்றி, பேத்தி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாளா என்று கேட்டார்.

அடுத்த நாள் டென்னிஸை உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார். என் மகள் மரிலூவுக்காக 1999 ஜூன் 14 அன்று நான் போட்ட மனுவைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே வரி. காரணம் எழுதட்டுமா என்று டென்னிஸ் கேட்டான். அவர்கள் கேட்கவில்லையே என்றார். கையெழுத்துக் கோணிப்போய்விட்டதால் இன்னொரு தாளில் திரும்பப் போட்டார். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டு ரசீதை வாங்கிப் பார்த்தார்.

மனு முடிக்கப்பட்டது என்ற பதில் செப்டம்பரில் வந்தது. மரிலூ அதன் நகலோடு மறுபடி விசாவுக்கு எழுதினாள். அக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை நேர்காணல் கிடைத்தது. அன்செல்மோ அதைக் கேட்டதும், நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு போ என்று டென்னிஸ் மூலம் சொல்லியனுப்பினார். அவரால் அப்போது பேச முடியவில்லை.

அவர் 16-ஆம் தேதி இறந்தார். அங்கே ஞாயிறு மாலை. விந்தாரில் திங்கள் மதியம். மரிலூ மணிலாவுக்குப் பேருந்து ஏறப் பையை எடுத்து வைத்திருந்தாள். நேர்காணலை ரத்து செய்தாள்.

உடல் இரண்டு வாரம் கழித்து மணிலா வழியாக லாவோவாக் விமான நிலையத்துக்கு வந்தது. பெலிசாவும் டென்னிஸும் கூட வந்தார்கள். சரக்குக் கொட்டகையில் ஐந்து படிவம். பெட்டியின் நீளம், அகலம், எடை எல்லாம் தட்டச்சு செய்திருந்தார்கள். பெறுபவர் என்ற இடத்தில் மரிலூ தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கொன்ராடோ மின்சாரக் கூட்டுறவிலிருந்து நான்கு ஆட்களைக் கூட்டி வந்திருந்தான். அவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள் டென்னிஸ் வைப்பாஹுவுக்குத் திரும்பினான். அம்மாவின் பயணச்சீட்டையும் அதே விமானத்துக்குத்தான் போட்டிருந்தான். பெலிசா போகவில்லை. இடுப்பு வலிக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். அடுத்த மாதமும் போகவில்லை. அவள் குடியுரிமை எடுத்துக்கொள்ளவே இல்லை, கிரீன் கார்டோடுதான் இருந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கினால் அது செல்லாது.

ஜூனில் ஒரு நாள் டென்னிஸ் போனில் இதைச் சொன்னான். மரிலூ ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். பெலிசா பேத்தியை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, அக்டோபருக்குள்ள வந்துரணும். இல்லன்னா கார்டு போயிடும். திரும்ப வாங்கவே முடியாது.”

“எடுத்துக்கச் சொல்லு.”

“அம்மா, வெளையாடாதம்மா. இருபது வருஷம் காத்திருந்து வாங்கினது.”

“எனக்குத் தெரியாதா? நான்தான காத்திருந்தேன்.” ஒரு கட்டு கீரையை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரித்தாள். “மரிலூகிட்ட பேசு.”

மரிலூ போனைக் கையில் எடுத்தாள். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை இந்த ஊரில் கிடைக்கவில்லை, மூன்று மாதத்துக்கு வாங்கி அனுப்பு என்று தம்பியிடம் சொன்னாள்.